பத்திரத்தை எடுத்துக் கொடுப்பதா? மகள் கேட்டதிலிருந்து யோசனை

மேட்டாங்காடு எழுதியது:

வணக்கமுங்க. இத்தனை நாள் இங்கே படித்ததோடு சரி, எழுதியதில்லை. நேற்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் தூக்கம் வராததால் எழுதுகிறேன்.

வயது 51. திருப்பூரில் பதினெட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். பூர்வீகம் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில். ஒரே மகள், 24 வயது, பெங்களூரில் ஐ.டி. வேலை, கை நிறையச் சம்பளம். போன ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அப்பா, வேலையை விட்டுட்டு வந்தர்றேன். குழந்தைங்க துணி நாமளே தைச்சு நேரா விக்கலாம்னு இருக்கேன். தோட்டத்துப் பத்திரத்தை பேங்க்ல வெச்சா முப்பது லட்சம் கிடைக்குமல்லங்கப்பா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

2001-ல் அதே பத்திரத்தை எங்கள் அப்பா எனக்காக வைத்தார். அந்த வருடம்தான் மகள் பிறந்தாள். குலதெய்வம் கோயிலில் பூவாக்குக் கேட்டார், வெள்ளைப் பூ வந்தது, சாமி சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கண்ணபுரம் தேர்நோம்பிச் சந்தையில் ஒரு ஜோடி எருதை விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, வெறும் கட்டுத்தறியை விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். மாடில்லாத கட்டுத்தறியை எதற்குக் கூட்டுகிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மொத்தம் ஏழு ஏக்கர். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், இரண்டு மானாவாரி, மூன்று ஏக்கர் கொறங்காடு, அதாவது மாடு மேயும் மேய்ச்சல் காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள். "இதையும் உழுதா சோளம் வருமல்லங்கப்பா" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "மழை பேஞ்சா வரும். பேயாட்டி மாட்டுக்கு என்னத்தப் போடறது?" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எனக்காகக் கடனுக்கு வைத்ததும் கிணற்றுப் பாசனம் இரண்டு ஏக்கரை மட்டும்தான். கொறங்காட்டை அவர் தொடவேயில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து, மகள் கேட்ட அன்றைக்குத்தான் இது எனக்கு உறைத்தது.

நான் பிழைத்துக்கொண்டேன், ஆனால் நான் பயந்த எதிலிருந்தும் அடி வரவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் சாயம் போடுகிறவன் இல்லை, தைக்கிறவன். இருந்தாலும் சாயம் போட்ட துணி வராமல் மெஷின்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. (தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நொய்யல் ஆற்றை நாம் என்ன செய்து வைத்திருந்தோம் என்று.) 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கையில் செல்லாத நோட்டு. 2020 ஊரடங்கு. அப்புறம் நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும், கட்டிங் டேபிளில் ஏறிய துணியை அப்படியே மடித்து வைத்தோம்.

இவ்வளவையும் பார்த்தவன் மகளை இதற்குள் விடுவதா? விடாமல் இருந்தால் மட்டும் அவள் பத்திரமாக இருப்பாளா? பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்.

சோமனூர்த் தறி எழுதியது:

ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், வேண்டாமுங்க.

எங்கள் வீட்டில் பன்னிரண்டு தறி ஓடியது. கூலி உயர்வுக்காக எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேச்சுவார்த்தை! ஒப்பந்தம் போட்டு ஆறு மாதத்தில் பழைய கூலிக்கே இறங்கிவிடும். கடைசியில் எட்டுத் தறியை எடைக்குப் போட்டேன். சம்மட்டியால் உடைத்து லாரியில் ஏற்றினார்கள். எங்கள் அப்பா வாங்கிப்போட்ட தறி, அதைக் கிலோக் கணக்கில் நிறுத்ததை நின்று பார்த்தேன்.

பையனைக் கூட்டுறவு வங்கி வேலைக்குத் தயார் செய்தேன். நான்கு வருடம் படித்தான், கிடைத்தது. ஒன்றாம் தேதி ஆனால் சம்பளம். எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. உங்கள் பெண் கையில் இருக்கிற சம்பளம் பெரிய விஷயம், அதை உதறவிடாதீர்கள்.

ஆனைமலை அடிவாரம் எழுதியது:

அண்ணா, நான் பொள்ளாச்சிப் பக்கம். பணக்கணக்கு மற்றவர்கள் சொல்வார்கள். நான் பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் 2014-ல் பழனி ரோட்டில் விபத்தில் போய்விட்டார். தேங்காய் எண்ணப் போனவர். தென்னைக்குச் சொட்டுநீர், மோட்டாருக்கு இடிதாங்கி, எல்லாவற்றுக்கும் முன்யோசனை உள்ள மனிதர். தனக்கென்று ஒரு காப்பீடு எடுக்கவில்லை. மாடு இரண்டு இருந்ததால் சொசைட்டிக்குப் பால் ஊற்றி மூன்று வருடம் தள்ளினேன்.

அதற்கப்புறம் பையனைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கிணற்றுப் பக்கம் போகாதே, வாய்க்கால் பக்கம் போகாதே. இத்தனைக்கும் நான் ஏழு வயதில் நீச்சல் கற்றவள். அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணறு அறுபது அடி இருக்கும். பாறையில் பதித்த கல்படி சுவரிலிருந்து ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருக்கும், கைப்பிடி கிடையாது. கீழே இறங்க இறங்கப் புறாக்கள் படபடவென்று மேலே போகும். அப்புச்சி என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, "குதி சாமி" என்பார். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. ஒரு வாரம் கழித்துக் குடுக்கையைக் கழற்றினார். கயிற்றை எப்போது தளர்த்தினார் என்று எனக்குத் தெரியாது. நான் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது கயிறு தண்ணீரில் மிதந்துகொண்டு இருந்தது. அப்புச்சி இடுப்பளவுத் தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எந்த நேரமும் பாய்வதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

பையனுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. பதினைந்து வயதில் கூட்டாளிகளோடு பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலுக்குப் போனான், எனக்குத் தெரியாமல்தான். கரையில் கால் வழுக்கி உள்ளே விழுந்தான். மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துண்டை வீசி இழுத்துப் போட்டார். அடுத்த மாதமே அவன் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில் கேனைக் கட்டி இறக்கினோம். நான் மேட்டிலேயே நின்றேன். எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினேழு வயதில் பைக் கேட்டான். அதற்கு மட்டும் முடியாது என்றேன், இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன். பதினெட்டு வயது ஆகாத, லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டினால் 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெற்றவர்களுக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். சட்டத்துக்காகச் சொல்லவில்லை, அந்த ரோட்டை நான் பார்த்தவள். ஒன்றுக்குச் சரி என்றும் இன்னொன்றுக்கு முடியாது என்றும் சொல்ல எனக்கு இருந்த காரணம், கிணற்றில் கயிறு கட்டலாம், ரோட்டில் கட்ட முடியாது என்பதுதான்.

உடுமலை வடக்கு எழுதியது:

மகள் ஏதாவது கணக்குப் போட்டுக் காட்டினாளா? முப்பது லட்சம் எதற்கு? அதைச் சொல்லாமல் நாங்கள் என்ன சொல்ல முடியும்?

மேட்டாங்காடு எழுதியது:

காட்டினாள். பதினைந்து புது மெஷின், தனியாகக் கட்டிடம், முதல் ஆறு மாதத்துக்குத் துணியும் சம்பளமும். துணி, தையல் கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. நான்கு வருடமாக லீவுக்கு வந்தால் கம்பெனியில்தான் கிடப்பாள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைப்பாள், செக்கிங் டேபிளில் நிற்பாள். வேலை தெரியாத பிள்ளை இல்லை.

என் பயத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, வீட்டிலேயே சில வருடம் மறைத்த விஷயம். 2013-ல் பங்காளி ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிதி நிறுவனம், பன்னிரண்டு லட்சம். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்து, அங்கேயே வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துப் போட்ட கையெழுத்து. படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் தொழில் படுத்துவிட்டது, ஊரை விட்டுப் போய்விட்டார். நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. கையில் வாங்கியது என் மனைவி. ஆறு வருடம் கட்டினேன். மகளின் காலேஜ் ஃபீஸ் ஒரு செமஸ்டருக்கு அவள் அம்மாவின் வளையலில்தான் போனது. அது அவளுக்குத் தெரியாது.

சாயப்பட்டறை மூடியபோதும் ஊரடங்கிலும் வராத நடுக்கம் அந்த நோட்டீஸைப் பார்த்தபோது வந்தது. தொழிலில் போனதை மறுபடி தொழிலிலேயே எடுத்தேன். கையெழுத்தில் போனதை எங்கே எடுப்பது?

பெருந்துறைக்காரன் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

2010-ல் வெல்டிங் பட்டறை போட ஐம்பதாயிரம் கேட்டேன். "தொழில்னா ரிஸ்க்குடா, யாரு கண்டா" என்று மறுத்துவிட்டார். அடுத்த வருடம் ஈமு கோழிக்கு மூன்று லட்சம் கட்டினார். ஒன்றரை லட்சத்துக்கு ஆறு குஞ்சு, கொட்டகையும் தீவனமும் கம்பெனியே தரும், மாதாமாதம் பணமும் வரும் என்று ஈமு கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த தோட்டத்துக்காரருக்குப் பணம் வந்ததை அப்பா கண்ணால் பார்த்தார். மாமனுக்கு வந்தது, சம்பந்திக்கு வந்தது. அதனால் அது அவருக்கு ரிஸ்க்காகவே தெரியவில்லை. 2012-ல் எல்லாம் மூடிக்கொண்டு போனார்கள். தீவனம் இல்லாமல் அந்தப் பறவைகள் வேலிக்கம்பியைக் கொத்திக்கொண்டிருந்ததை மறக்க முடியாது. மூன்று படி மக்காச்சோளம் போட்டால் நிமிடத்தில் தீர்ந்துவிடும், மறுபடி நம்மையே பார்க்கும்.

முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, கோயம்புத்தூரில் அதற்கென்றே நீதிமன்றமும் இருக்கிறது. அப்பா வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறினார். பணம் கைக்கு வரும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா பேராசைக்காரர் இல்லை, இதை எல்லோரிடமும் சொல்வேன். எங்களுக்காகத்தான் கட்டினார். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம், நான் பட்டறையில் என்ன செய்யப் போகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான். நீங்கள் மகளிடம் கேட்டீர்கள், கணக்கைப் பார்த்தீர்கள். அது போதும், மீதி பேசிக்கொள்ளலாம்.

வாய்க்கால்மேடு எழுதியது:

கோபிக்காரன், முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தோட்டத்துப் பத்திரம். 2002 சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாள் தவறி வாராக்கடன் ஆகிவிட்டால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே வங்கி சொத்தை எடுத்து விற்கலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. அதனால் தொழில் கடனுக்குத் தோட்டத்தைக் காட்டினால் பல வங்கிகள் முகத்தைச் சுளிக்கும், "வீடு இருக்கிறதா?" என்றுதான் கேட்கும். நீங்கள் தோட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே போய் உட்கார்ந்த அரைமணியில் பேச்சு வீட்டுப் பத்திரத்துக்கு வந்துவிடும். அதற்கு இப்போதே பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிறு தொழிலுக்குப் பத்து லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. முத்ரா கடனும் ஈடில்லாக் கடன்தான். மேனேஜர் "பத்திரம் இருந்தால் சீக்கிரம் முடியும்" என்பார். சீக்கிரம் முடிய வேண்டும் என்று உங்களுக்கு என்ன அவசரம்? முப்பது லட்சத்தோடு தொடங்கி மூழ்கிய கம்பெனிகளின் ஃபைல்களை நான் நிறையக் கையாண்டிருக்கிறேன். எட்டு லட்சத்தோடு தொடங்கியவர்களும் தோற்றார்கள். ஆனால் அடுத்த வருடம் வேறு ஒரு திட்டத்தோடு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டை வைத்தவர்கள் திரும்பி வரவில்லை.

மூன்றாவது, ஜாமீன். ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்தில் "சும்மா ஒரு கையெழுத்து மாப்ளை" என்று கேட்கிறார்கள். ஒரம்பரை (சொந்தபந்தம்) முறிந்துவிடுமே என்று போடுகிறார்கள். என் மேஜைக்கு முன்னால் அழுத ஜாமீன்தாரர்களில் பாதிப் பேர் அந்தக் கடனில் ஒரு டீ கூடக் குடிக்காதவர்கள்.

கடைசியாக, உங்கள் தலைக்கு மேல் ஏற்கனவே தொழில் கடன் இருக்கும். டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுத்தால் 1874-ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுங்கள். விண்ணப்பிக்கும்போதே அதற்கான படிவத்தில் எழுத வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. அப்படி எடுத்தால் அந்தப் பணம் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும், கடன்காரர் கை வைக்க முடியாது. நூற்றைம்பது வருடமாக இருக்கிற சட்டம், நம் ஊர்த் தொழில்காரர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குக் கூடத் தெரிவதில்லை என்பது என் வருத்தம்.

தாராபுரத்துப் பொண்ணு எழுதியது:

அப்பா வயது உள்ளவரிடம் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதையே ஒரு மகன் கேட்டிருந்தால் வாசலில் போய் உட்கார்ந்திருப்பீர்களா?

எங்கள் வீட்டில் தம்பி கோழிப்பண்ணை போட இருபது லட்சம் கொடுத்தார்கள். பல்லடம் பக்கம் எல்லோரும் செய்கிறபடி, குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. நான் சின்னதாக ஒரு லேப் வைக்கக் கேட்டபோது, "உனக்குக் கல்யாணத்துக்கு வெச்சிருக்கறம் கண்ணு" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பாதுகாப்பு என்ற பேரில் எனக்கு வைத்திருந்தது நகை, அவனுக்குக் கொடுத்தது வாய்ப்பு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. பங்கைக் கேட்டால் உறவு போய்விடும் என்று எங்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பதேயில்லை. உங்கள் மகள் வாய் திறந்து கேட்டிருக்கிறாள். அதுவே உங்கள் வளர்ப்பு நன்றாக இருக்கிறது என்று காட்டுகிறது. அவளை மறுபடி வாய் மூட வைத்துவிடாதீர்கள்.

சோமனூர்த் தறி எழுதியது:

படித்தேன் அம்மணி. எனக்கும் மகள் உண்டு, நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. சம்பளம் என்றால் வெறும் பணம் இல்லைங்க, அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது. என் பையனுக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது, தெரியும். எதுவும் முழுசாக உறுதி இல்லைதான். ஆனால் எடைக்குப் போட்ட தறியைப் பார்த்த கண்ணுக்கு மாதச் சம்பளம் பெரிசாகத் தெரிகிறது. மேட்டாங்காடு அண்ணா, பெண் வேலையை இப்போதே விடாமல் கொஞ்ச நாள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மேட்டாங்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

தாராபுரத்துப் பிள்ளை கேட்ட கேள்வி இரண்டு நாள் மண்டையில் ஓடியது. மகனாக இருந்தால் வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டேன், உண்மைதான். அன்றைக்கே கூடப் போய் மெஷின் விலை கேட்டிருப்பேன்.

போன சனிக்கிழமை மகள் வந்தாள். சம்பளம் போட்டு ஆட்கள் கிளம்பிய பிறகு கம்பெனியிலேயே உட்கார்ந்தோம். ஜாமீன் கதையை முதல் தடவையாக அவளிடம் சொன்னேன், வளையலையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் பத்திரத்தைக் கேட்டிருக்கவே மாட்டேன்ப்பா" என்றாள். எனக்கு அது வலித்தது. அவள் கேட்டது தப்பில்லை, நான் மறைத்ததுதான் தப்பு.

முப்பது லட்சம் எட்டு லட்சமாக ஆகியிருக்கிறது. தனிக் கட்டிடம் வேண்டாம், என் கம்பெனியில் கடைசி வரிசை சும்மாதான் கிடக்கிறது. புது மெஷின் பதினைந்துக்குப் பதிலாகப் பழையது ஆறு. கடன் அவள் பேரில், ஈடில்லாமல். நான் ஜாமீனும் இல்லை, பத்திரமும் இல்லை. நஷ்டம் வந்தால் மூன்று வருடச் சம்பளத்தில் அவளே அடைத்துவிடுகிற தொகை. பெங்களூர் வேலையைத் தை மாதம் வரைக்கும் விடுவதில்லை என்று அவளாகவே சொன்னாள், தறி அண்ணன் கேட்டதை நான் சொல்லும் முன்பே. டெர்ம் பாலிசிக்கு வாய்க்கால்மேடு ஐயா சொன்ன படிவத்தோடு எழுதிக் கொடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனை புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். வைப்பதற்கு இல்லை, அவளுக்குக் காட்டுவதற்கு. இத்தனை வருடத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. 2001-ல் வைத்ததும் மீட்டதும், கிணற்றில் நமக்குள்ள எட்டில் மூன்று பங்கும், நான்கு எல்லையும் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் கைநாட்டு, மை கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, "கொறங்காடு இதுல இல்லையேப்பா" என்றாள். அது தனிப் பத்திரம் கண்ணு என்று சொல்லி, ஏன் தனி என்று சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போன மழைக்குப் புல் நன்றாக வந்திருக்கிறது, மேற்குப் பக்கம் கிளுவை வேலியில் ஒரு இடம் சாய்ந்திருக்கிறது, ஆள் விட்டுக் கட்ட வேண்டும்.

ஒரு விஷயம் கேட்கச் சொன்னாள். குழந்தைத் துணி நேரடியாகப் பார்சலில் விற்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால், அளவு சரியில்லை என்று திரும்பி வருகிற பார்சலுக்குக் கணக்கில் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? அவள் நூற்றுக்குப் பத்து என்று போட்டிருக்கிறாள். எனக்கு அது குறைவாகப் படுகிறது.